அக்காவுக்கு விட்ட இடம்

யூஜினா இன்னும் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் கேமரா படத்தை எடுத்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அப்பாவின் சவப்பெட்டி. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்றது. தலைமாட்டில் தம்பி ஜூட்சன், அவனுக்குப் பின்னால் அத்தைமார் இருவர், சித்தப்பா வீட்டுக்காரர்கள் நான்கு பேர், ஆக ஏழு பேர். பெட்டியை மூடுவதற்கு முன் எடுக்கிற கடைசிப் படம் அது. இந்த மலையில் எத்தனையோ சாவு வீட்டுக்குப் படம் பிடித்தவள் யூஜினா. இன்றைக்குத் தன் வீட்டுக்கே பிடிக்க வேண்டியதாகிவிட்டது. படம் எடுப்பவளும் படத்தில் நிற்க வேண்டுமே என்று கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் ஏற்றி, புதிதாக ஒரு முகம் வந்தால் எடு என்று வைத்திருந்தாள். பட்டனை அழுத்திவிட்டு நடந்து போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரு முகம் கூடி, மற்ற முகங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் கேமராவே எண்ணிக்கொண்டு, நெற்றியிலுள்ள சின்ன விளக்கை இரண்டு நொடி மினுக்கிவிட்டு எடுத்துவிடும்.

அவள் அழுத்தினாள். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. விளக்கு மினுக்கியது. டிக்.

"என்னாக்கா, எடுத்திருச்சா?" என்றான் ஜூட்சன். அழுது அழுது அவன் குரல் கம்மிப் போயிருந்தது.

"இல்லடா, கை பட்டிருச்சு. அப்பிடியே நில்லுங்க."

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏழு பேரின் முகமும் மங்கல். ஆனால் பெட்டியின் தலைமாட்டில், வரிசைக்கு ஓரடி முன்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு அவளே ஒதுக்கச் சொன்ன வெற்றிடம் துல்லியமாக விழுந்திருந்தது. அந்த இடத்துப் பெட்டி ஓரத்தின் வெள்ளை லேசும், லேசில் கோத்திருந்த பனித்துளியும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரிந்தன. ஆளில்லாத இடத்தில் யாருடைய முகத்தைத் தேடியது இந்தச் சனியன்?

அந்த இடம் மார்கிரட் அக்காவுக்கு விட்ட இடம். இங்கே இது வழக்கமாகிவிட்டது. எந்த லயத்தை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருத்தி குவைத்திலோ ரியாத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சாவுக்கு வர ஏலாது. அதனால் குடும்பப் படத்தில் அவளுக்கு ஓர் இடம் விட்டு நிற்பார்கள். அவள் அனுப்பிய வேறொரு படத்திலிருந்து அவளை வெட்டியெடுத்து, யூஜினா அந்த இடத்தில் பொருத்திக் கொடுப்பாள். பூண்டுலோயா டவுனில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அவளுடைய சின்ன ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பத்தைவிட இந்த வேலைதான் அதிகம். பக்கத்தில் நிற்பவரின் கை இடத்துக்குள் விழக்கூடாது, நிழல் விழக்கூடாது என்று அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

மறுபடியும் திரையைப் பார்த்தாள். முகங்களைக் கண்டதும் கேமரா ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னக் கட்டம் போடும். ஏழு முகத்துக்கும் ஏழு வெள்ளைக் கட்டம் வந்தது. பிறகு எட்டாவதாக ஒன்று வந்தது. வெற்றிடத்தில், ஜூட்சனின் தலைக்கும் நாலு விரல் மேலே.

அது வெள்ளை இல்லை. இளஞ்சிவப்பு.

இந்தக் கேமராவில் இளஞ்சிவப்புக் கட்டம் ஒரே ஒருத்திக்குத்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். குவைத்தில் மேடம் வீட்டுச் சாமான் வாங்க வந்த இடத்தில், கடைக்குள் நுழைந்து வீடியோ கோல் எடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கேமரா. "பெருசு பாக்க கெத்தா இருக்குடி, அத எடுக்கவா?" என்றாள். "பெருசு வேணாங்க்கா. தூக்கிட்டு ஒரு நாளு முழுக்க கல்யாண வீட்டுல நிக்க ஏலாது. வீடியோ நல்லா வரணும். நம்ம ஊரு பனியில இருட்டுல எடுக்கணும். திரை பொரட்டுற மாதிரி இருக்கான்னு பாரு" என்று இங்கிருந்து யூஜினா சொல்லச் சொல்ல, அக்கா பாவம் ஒவ்வொன்றாகக் கடைக்காரனிடம் கேட்டாள். கடைக்காரன் மலையாளத்து ஆள். சின்னதை எடுத்துக் காட்டி, முகத்தைப் பதிந்து வைத்தால் ஆயிரம் பேருக்கு நடுவிலும் அந்த முகத்தைக் கண்டுபிடித்து வேறு நிறத்தில் கட்டம் போடும் என்றான். சோதித்துக் காட்ட அக்காவின் முகத்தையே பதிந்தான். அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"யூஜி, இனி நான் எங்க நின்னாலும் ஒன் கேமராவுக்குத் தெரிஞ்சிரும்டி."

அந்த முகத்தை யூஜினா அழிக்கவேயில்லை. அக்கா ஊருக்கு வரும்போது அது வேலை செய்யட்டும் என்று விட்டிருந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கேமரா முகம் பார்க்கிற வேலையையே நிறுத்தினாள். பத்து நொடி டைமர் வைத்து, ஓடிப்போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்றாள். நின்ற இடத்தில் குளிர்ந்தது. பனிக்குளிர் எட்டுத் திசையிலிருந்தும் வரும். இது இடது பக்கமிருந்து மட்டும் வந்தது, வெற்றிடம் இருந்த பக்கமிருந்து.

கூட்டம் கலைந்ததும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அவள் கையைப் பிடித்து இஸ்தோப்புத் திண்ணைப் பக்கம் இழுத்தாள். கொழுந்து பறித்துக் கறை பிடித்த விரல்கள். இருபது வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள்.

"மார்கிரட்டுக்கு சேதி போச்சாடி?"

"இல்லங்க. ஒம்பது நாளா போன் வேல செய்யல. ஹட்டன்ல அக்காவ அனுப்புன ஏஜென்சிக்காரருகிட்ட சொல்லியிருக்கோம்."

பேச்சியம்மாவின் முகம் மாறியது. "அப்பறம் எப்பிடிடி எடம் விட்ட? சேதிய சொல்லி, அவ அழுது முடிச்ச பொறகுதானே எடம் விடுவாங்க? சேதி போகாம எடம் மட்டும் விட்டா, வா வான்னு கூப்புடுற மாதிரி ஆயிருமே! இத்தன வீட்டுக்கு எடுக்குறியே, ஒனக்கு இது தெரியாதா?"

தெரியும். படம் எடுக்கு முன் எல்லா வீட்டிலும் அவளே கேட்கிற முதல் கேள்வி அது. சேதி சொல்லியாச்சா? இன்றைக்கு மறந்துவிட்டாள். மறக்கவில்லை, கேட்டுக்கொள்ளப் பயந்தாள். அதுதான் உண்மை.

பத்து நாளைக்கு முன் அக்கா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "யூஜி, எனக்கு இங்க ஏலலடி. ஒடம்புக்கு என்னமோ செய்யுது. வீட்டுக்கு வந்துரட்டுமா?" அன்றைக்கு அப்பாவுக்கு இருமல் முற்றியிருந்தது. ஆல்பப் பெட்டிகள் வீடு முழுக்க அடுக்கிக் கிடந்தன. யூஜினாவுக்கு எரிச்சல். "இப்ப வந்து என்னாக்கா செய்யப் போற? இங்க படுக்கவே எடமில்ல. இன்னும் ஆறு மாசம் இரு" என்று பதில் அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. சரி. மறுநாளிலிருந்து போன் இல்லை.

அதை அப்பாவிடமும் சொல்லவில்லை, ஜூட்சனிடமும் சொல்லவில்லை. அக்கா உயிரோடு இருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை போன் எடுக்க வேண்டும், 'வந்துரு அக்கா' என்று சொல்லிவிட வேண்டும். ஒன்பது நாளாக யூஜினா ஆண்டவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தேயிலை மலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவே தோட்டத்துக் கல்லறை. அக்காவுக்குக் காட்டுவதற்காக யூஜினா வீடியோ எடுத்துக்கொண்டே நடந்தாள். கீழே கொத்மலை அணைத் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பனி ஏறிக்கொண்டிருந்தது. ஈரச் சரளையில் காலடிச் சத்தமும், உபதேசியார் முன்னால் சொல்லச் சொல்லப் பெண்கள் பின்னால் சொல்லும் செபமாலையும், எங்கோ ஒரு லயத்தில் தேயிலை மிலாறு விறகு எரிகிற புகை வாடையும் கலந்து வந்தன. முகம் பார்க்கிற வேலையை அவள் நிறுத்தித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் திரையில் இளஞ்சிவப்புக் கட்டம் இருந்தது. பெட்டிக்கு நேர் பின்னால், நடைக்கு ஏற்ப மெல்ல ஏறி இறங்கிக்கொண்டு போனது.

கேமராவைத் தாழ்த்தி வெறும் கண்ணால் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் யாருமில்லை. ஆனால் கூட்டம் அங்கே விலகியிருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் எல்லோரும் நடந்தார்கள், விடுகிறோம் என்று தெரியாமலே.

குழிக்குள் பெட்டி இறங்கியதும் பிள்ளைகள் மண் போட வேண்டும். மூத்தவள் இல்லாததாலும் யூஜினா கையில் கேமரா இருந்ததாலும் ஜூட்சனைக் கூப்பிட்டார் உபதேசியார். அவன் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். அள்ளிய கை இன்னும் மேலே வரவில்லை. பெட்டியின் பலகையில் ஒரு பிடி மண் விழுகிற சத்தம் கேட்டது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரை சரிகிறது என்றார் ஒருவர்.

திரும்பி வரும்போது, வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்ல, கேமராவைப் பின்னால் திருப்பினாள். முகம் கிட்ட இருந்தால் கட்டம் பெரிதாக விழும், எட்ட இருந்தால் சிறிதாக விழும். இப்போது கல்லறை முடுக்கு வளைவில் கடுகளவு இளஞ்சிவப்பு. அப்பாவோடு நின்றுவிட்டாள் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு முடுக்குத் தாண்டி மறுபடியும் பார்த்தாள். சுண்டு விரல் நகத்தளவு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் தாண்டியதும் பார்த்தாள். தீப்பெட்டி அளவு.

அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

வீட்டு வாசலில் பேச்சியம்மா மஞ்சள் தண்ணியோடு நின்றாள். "நா சொல்றத கேளு. பெட்டி நின்ன எடத்துல நின்னு, ஒனக்கு இங்க எடமில்ல, நீ இருக்குற எடத்துலயே இருன்னு மூணு வாட்டி சொல்லிரு. விட்ட எடத்த மூடிரணும்டி."

யூஜினா அந்த இடத்தில் போய் நின்றாள். வாய் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஒரு தடவை சொன்னது போதாதா, ஆண்டவரே? குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். பேச்சியம்மாவும் சேர்ந்து அழுதுவிட்டு, "நீ உள்ள போய் உக்காரு புள்ள, சாவு வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது, நா சோறு ஆக்கிக் கொண்டாறேன்" என்று போனாள். ஜூட்சன் அத்தைமாரை பஸ் ஏற்றிவிட த்ரீவீலரில் டவுனுக்குப் போனான்.

ஆறு மணி. வீட்டில் யூஜினா மட்டும்.

ஒரே ஓர் அறை. அப்பா படுத்த கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஆல்பப் பெட்டிகளைச் சாவுக்காக வெளியேற்றியிருந்ததால், வீடு என்றைக்கும் இல்லாத அளவுக்கு விசாலமாக இருந்தது. இத்தனை இடம் இருந்திருக்கிறது. மெழுகுதிரியும் ஊதுபத்தியும் கருகிய மாலையும் கலந்து நாறின. தகரக் கூரையில் பனி சொட்டியது. திறந்த வாசலுக்கு வெளியே வெள்ளையாக நின்ற பனி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தக்கூடாது. சாவு வீட்டில் அன்றைக்குக் கதவு திறந்தேதான் இருக்க வேண்டும்.

கேமராவை வெளியே எடுத்தாள். வாயால் சொல்ல முடியாவிட்டால் என்ன, விரலால் செய்யலாமே. பதிந்த முகங்கள் என்ற பகுதிக்குள் போனாள். ஒரே ஒரு முகம். கடை வெளிச்சத்தில் பல் தெரியச் சிரிக்கிற அக்கா. அழிக்கவா, வேண்டாமா என்று கேமரா கேட்டது. அழி என்பதற்கு மேல் கட்டை விரலை வைத்தாள்.

போன் அடித்தது. ஜூட்சன்.

"அக்கா..." என்றான். பிறகு அழுதான். பஸ் சத்தத்துக்கு நடுவே அவன் அழுகை விட்டு விட்டுக் கேட்டது. "ஏஜென்சிக்காரரு இப்பதான் பேசுனாரு. மார்கிரட் அக்கா... மயங்கி விழுந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... யாருக்கு சொல்றதுன்னு தெரியாம ஐஸ் பெட்டில வச்சிருக்காங்களாம்..."

"எப்ப?"

"ஒம்பது நாளாச்சாம்க்கா."

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஜூட்சனின் குரல் தரையிலிருந்து கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

ஒன்பது நாள். அப்படியானால் 'சரி' என்று சொன்னதுதான் அக்கா சொன்ன கடைசிச் சொல். தங்கச்சி கேட்டாளென்று ஒவ்வொன்றாக விசாரித்துக் கேமரா வாங்கியவள், தங்கச்சி சொன்னாளென்று அங்கேயே இருந்துவிட்டாள். யூஜினா தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அக்கா என்று கத்தினாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, வெடிக்கவில்லை.

திரையில் அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அழிக்கவா, வேண்டாமா?

வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

கண்ணைத் துடைத்தாள். ஸ்டாண்டை விரித்துச் சுவரோரம் வைத்தாள். கேமராவை ஏற்றி, வாசலும் பாய் விரிக்கிற இடமும் விழுகிற மாதிரி திருப்பினாள். திரையை முன்பக்கமாகப் புரட்டினாள். புதிதாக ஒரு முகம் வந்தால் எடு. அழுத்தினாள். முன்னால் நின்றே அழுத்தியதால் அவள் முகம் ஏற்கெனவே கணக்கில் இருந்தது; பாயை விரித்து இடது பாதியில் உட்கார்ந்தாள். வலது பாதியைத் தட்டிவிட்டு வெறுமையாக வைத்தாள்.

"வாக்கா. எடம் இருக்கு."

திரையில் அவள் முகத்தில் வெள்ளைக் கட்டம். வாசலில் ஒன்றுமில்லை. பனி மட்டும்.

கூரை சொட்டுவது நின்றது.

வெளியே ஈரச் சரளை நெரிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

வாசலுக்கு நடுவே இளஞ்சிவப்புக் கட்டம் வந்தது. கட்டை விரல் நகத்தளவு. நின்றது.

அக்கா நல்ல வளர்த்தி. சின்ன வயதில் எத்தனை தடவை அந்த வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் வருவதென்றால் குனிந்துதான் வருவாள்.

கட்டம் மெதுவாகத் தாழ்ந்தது. நிலைக்குக் கீழே நுழைந்தது. மறுபடியும் நிமிர்ந்தது.

மெழுகுதிரி அணைந்தது. திரை வெளிச்சம் மட்டும். யூஜினா பக்கவாட்டில் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. திரையையே பார்த்தாள். கட்டம் அறையைச் சுற்றி வந்தது. கட்டில் பக்கம் நின்றது. அப்பா படுத்த இடம். அங்கிருந்து பாய்க்கு வந்தது. தாழ்ந்தது. தாழ்ந்தது. அவள் காதுக்கு நேரே நின்றது.

ஐஸ். தோளில் ஐஸ்.

சிறு வயதிலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் அக்கா அவள் தோளில் கை போட்டுத்தான் நிற்பாள்.

விளக்கு மினுக்கியது. டிக்.

எடுத்த படம் திரையில் நின்றது. பாயின் வலது பாதி பள்ளமாக அழுந்தியிருந்தது. யூஜினாவின் தோளில் சட்டைத்துணி ஐந்து விரல் தடமாக அழுந்தியிருந்தது. பள்ளமும் விரல் தடமும் அவ்வளவு துல்லியம். அவள் முகம் மட்டும் மங்கல். யாரென்றே தெரியாத அளவுக்கு மங்கல்.

படம் மறைந்து திரை பழையபடி அறையைக் காட்டியது. கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இளஞ்சிவப்பு.

யூஜினா கேமராவை நேராகப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். முடியை ஒதுக்கினாள். வாயைத் திறந்து அக்கா என்று சொல்லிப் பார்த்தாள். வெள்ளைக் கட்டம் வரவில்லை. முகம் என்று கேமரா அவளை எண்ணவேயில்லை.

தோளிலிருந்த கை மெல்லத் தள்ளியது. படுக்க இடம் போதாத ஆள் தள்ளுகிற மாதிரி.

"இரு அக்கா, இரு" என்று சொல்லிக்கொண்டே யூஜினா நகர்ந்தாள். பாய் முடிந்தது. வெறும் சிமெந்துத் தரைக்கு நகர்ந்தாள். கை மறுபடியும் தள்ளியது. மறுபடியும் நகர்ந்தாள். திரையின் ஓரத்தில் அவளுடைய பாதி முகம் மட்டும் தெரிந்தது. பிறகு காது மட்டும். பாய் முழுக்க அழுந்திக் கிடந்தது, தலைமாட்டில் இளஞ்சிவப்புக் கட்டம் அசையாமல் இருந்தது, அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.